முதுகெலும்பு ஆபரேஷனுக்கு 'பிளாக்' ஊசி போடப்போறாங்களாம்: முதல் ராத்திரி வலி எப்படி இருக்கும்?

மூத்தமகன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயசு 64, எடை 50 கிலோ. இடுப்புப் பகுதி முதுகெலும்புல நாலாவது (எல்4), அஞ்சாவது (எல்5) மேல முன்பக்கமா நழுவியிருக்கு, நரம்பு போற வழியும் சுருங்கிடுச்சு. வர்ற வியாழக்கிழமை ஸ்க்ரூ போட்டு ரெண்டு எலும்பையும் சேர்க்கிற ஆபரேஷன். இன்னைக்கு மயக்க மருந்து டாக்டர் வந்து பார்த்தாங்க. "முழு மயக்கம் கொடுத்த பிறகு முதுகுல ரெண்டு பக்கமும் இஎஸ்பி பிளாக் போடுவோம், எழுந்த பிறகு வலி குறைவா இருக்கும்"னு சொல்லிக் கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாங்க. தலையாட்டிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்வியெல்லாம் வரிசைகட்டி வருது.

கால் மரத்துப்போகுமா? ஏற்கெனவே கெட்டுப்போன முதுகுல இன்னொரு ஊசி தேவையா? எத்தனை மணி நேரம் தாங்கும்? அம்மாவுக்கு முன்னாடி பித்தப்பை ஆபரேஷன் நடந்தப்போ மார்ஃபின் கொடுத்து ரெண்டு நாள் வாந்தி. வலியைவிட அந்த வாந்திக்குத்தான் இப்பவும் பயப்படுறாங்க. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

---

சந்தேகப்பிராணி எழுதியது:

முழு மயக்கத்துல இருக்கிற ஆளுக்கு வலி ஊசி எதுக்குன்னு அந்த டாக்டரையே கேட்டிருக்கலாமே. கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும், அது வேற விஷயம்.

---

ஊசிமுனை எழுதியது:

மூத்தமகன், நான் மயக்கவியல் மருத்துவர். உங்கள் அம்மாவை நான் பார்த்ததில்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன். நாளைக்கு அந்த டாக்டரிடம் மறுபடி போய்க் கேளுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகும் கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

முழு மயக்கம் மூளையைத்தான் தூங்க வைக்கிறது. வெட்டுப்பட்ட இடத்திலிருந்து தண்டுவடத்துக்குப் போகும் சேதி அப்போதும் போய்க்கொண்டேதான் இருக்கும். மயக்கம் தெளியும்போது அந்தச் சேதி மொத்தமும் காத்துக்கொண்டிருக்கும். இணைப்பு அறுவைக்குப் பிறகு முதல் இரண்டு மூன்று நாட்கள் வலி கடுமையாக இருப்பது இதனால்தான். தசையை எலும்பிலிருந்து உரித்து, விலக்கிப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை அது. தோல் வெட்டைவிட அந்தத் தசைதான் அதிகம் வலிக்கும்.

கால் மரத்துப்போகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஒவ்வொரு முதுகெலும்பு நரம்பும் எலும்பு இடுக்கிலிருந்து வெளியே வந்ததும் முன்கிளை, பின்கிளை என்று பிரிகிறது. இடுப்புப் பகுதியின் முன்கிளைகள் காலுக்குப் போகின்றன. பின்கிளை திரும்பி முதுகுத் தசை, முதுகெலும்பு மூட்டு, முதுகுத் தோல் ஆகியவற்றுக்குப் போகிறது. அறுவை நடப்பது பின்கிளையின் ஊரில். பிளாக் குறிவைப்பதும் அதைத்தான். அதனால் வழக்கமாகக் காலின் பலம் குறையாது. அபூர்வமாக மருந்து முன்பக்கம் கசிந்து கால் தளர்ந்த சம்பவங்களும் பதிவாகியிருக்கின்றன. 'வரவே வராது' என்று நான் எழுதித் தர மாட்டேன்.

இஎஸ்பி என்பது 'எரெக்டர் ஸ்பைனே பிளேன்' என்பதன் சுருக்கம். முதுகை நிமிர்த்திப் பிடிக்கும் மூன்று நீளத் தசைகளின் தொகுதிக்குத்தான் எரெக்டர் ஸ்பைனே என்று பெயர். நோயாளியைக் கவிழ்த்துப் படுக்கவைத்த பிறகு அல்ட்ராசவுண்ட் கருவியை முதுகில் வைப்போம். திரையில் எலும்பின் குறுக்கு நீட்சிகள் வெள்ளைக் கோடுகளாக, கீழே கறுப்பு நிழலோடு, சீப்புப் பல் மாதிரி வரிசையாகத் தெரியும். ஊசி நுனி அந்த வெள்ளைக் கோட்டைத் தொட்டதும் நிறுத்திவிட்டு முதலில் ஒன்றிரண்டு மி.லி. மட்டும் செலுத்துவோம். சரியான இடம் என்றால், எலும்போடு ஒட்டிக் கிடந்த தசை மெல்ல மேலே தூக்கி, நடுவில் ஒரு கறுப்புக் கீற்று மேலும் கீழும் ஓடும். தசைக்கு உள்ளேயே மருந்து உருண்டு திரண்டால் ஊசி இடம் மாறியிருக்கிறது என்று பொருள். அந்தக் கீற்று ஓடுவதைப் பார்த்த பிறகுதான் மீதி மருந்து போகும். தண்டுவடத்துக்கும் ஊசிக்கும் நடுவில் எலும்பு நிற்கிறது. தண்டுவட உறைக்கு வெளியே ஒட்டினாற்போல் மருந்து செலுத்தும் எபிடியூரலோடு ஒப்பிட்டால் இதில் ஆபத்து குறைவு என்று நாங்கள் நினைப்பதற்கு அந்த எலும்புதான் காரணம்.

---

மூத்தமகன் எழுதியது:

ரொம்ப நன்றி டாக்டர். இன்னொரு சந்தேகம். போன வருஷம் கால்வலிக்காக அம்மாவுக்கு ஒரு 'நரம்பு ஊசி' போட்டாங்க, எக்ஸ்ரே மாதிரி ஒரு மெஷினுக்குக் கீழ படுக்கவச்சு. மூணு வாரம் நல்லா இருந்தாங்க, அப்புறம் பழையபடி. அதே ஊசிதானா இது? அப்படின்னா இதுவும் மூணு வாரம் தாங்குமா?

---

ஊசிமுனை எழுதியது:

இல்லை. நல்லவேளை கேட்டீர்கள், இந்தக் குழப்பம் பலருக்கு உண்டு. அப்போது போட்டது அழுத்தப்பட்ட நரம்பு வேருக்குப் பக்கத்தில், ஸ்டீராய்டு கலந்து. வீக்கத்தைக் குறைக்கத்தான் அது, வாரக்கணக்கில் பலன் இருக்கும். இப்போது போடப்போவது மரக்கவைக்கும் மருந்து. புபிவகைன் அல்லது ரோபிவகைன். 8 முதல் 12 மணி நேரம், சிலருக்குக் கொஞ்சம் கூடுதலாக.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த பிளாக் முதுகு வெட்டு வலிக்கு மட்டும். அறுவையின்போது நரம்பை நகர்த்தியதால் காலில் சுரீரென்று எரிச்சல் வந்தால் அது முன்கிளை சமாச்சாரம், பிளாக் அதைத் தொடாது. "ஊசி போட்டும் கால் எரியுதே, ஊசி வேலை செய்யலையே" என்று அம்மா சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

---

எல்5_ஆசாமி எழுதியது:

நான் இதே ஆபரேஷனை முடிச்சு ஒன்றரை வருஷம் ஆச்சு. யாரும் சொல்லாத ஒரு விஷயத்தைச் சொல்றேன் தம்பி.

மத்தியானம் ரெண்டு மணிக்கு ரெக்கவரி ரூம்ல கண்ணு முழிச்சேன். வலி எவ்வளவு, பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள சொல்லுங்கன்னாங்க. ரெண்டுன்னேன். எனக்கே ஆச்சரியம். சாயங்காலம் பார்க்க வந்தவங்ககிட்ட எல்லாம் ஜோக் அடிச்சுட்டிருந்தேன். ராத்திரி எட்டு மணிக்கு சிஸ்டர் வலி மாத்திரை கொண்டுவந்தாங்க. "வலியே இல்லையே சிஸ்டர், எதுக்கு வீணா"ன்னு பெரிய மனுஷன் மாதிரி திருப்பி அனுப்பிட்டேன்.

ராத்திரி ஒரு மணி இருக்கும். முதுகுக்குள்ள யாரோ இடுக்கி போட்டுத் திருகுற மாதிரி ஆரம்பிச்சுது. கால் மணி நேரத்துல ரெண்டு ஒன்பதாயிடுச்சு. மூச்சை இழுத்தா வலிக்குது, விட்டா வலிக்குது. அதுக்கப்புறம் மாத்திரை கொடுத்து, அது ஏற முக்கால் மணி நேரம். நடுவுல மார்ஃபின் போட்டாங்க, வாந்தி வந்துது. முதுகுல ஆபரேஷன் பண்ணினவன் வாந்தி எடுக்கிறது எப்படி இருக்கும்னு எழுத வேண்டாம்னு நினைக்கிறேன்.

ஊசி மேல எனக்குக் குறை இல்ல. அது சொன்ன வேலையைச் செஞ்சுது. ஆனா 'இது ராத்திரி தேஞ்சுபோகும், அதுக்குள்ள மாத்திரை உள்ள இருக்கணும்'னு ஒரு ஆள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்த மாத்திரையைத் திருப்பி அனுப்பியிருக்க மாட்டேன்.

---

இரவுப்பணி எழுதியது:

எல்5 அண்ணா எழுதினதை அப்படியே பிரிண்ட் எடுத்து வார்டுல ஒட்டலாம். நான் எலும்பு வார்டுல ராத்திரி டியூட்டி பார்க்கிற நர்ஸ். பிளாக் போட்டு வர்றவங்கள்ல பாதிப் பேர் முதல் டோஸை வேண்டாம்னு சொல்லுவாங்க. எழுதியிருக்கிறது 'ஆறு மணி நேரத்துக்கொரு தடவை'ன்னா வலி இருந்தாலும் இல்லாட்டியும் ஆறு மணி நேரத்துக்கொரு தடவைதான். வலி வந்த பிறகு துரத்திப் பிடிக்கிறது எங்களுக்கும் கஷ்டம், அவங்களுக்கும் கஷ்டம்.

மூத்தமகன் அண்ணா, நீங்க கேட்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்: "பிளாக் எத்தனை மணிக்குப் போட்டீங்க?" அதை ஒரு சீட்டுல எழுதி வச்சுக்கோங்க. அதுல இருந்து எட்டு மணி நேரம் கூட்டிப் பாருங்க. அந்த நேரத்துக்கு முன்னாடி அம்மாவுக்கு பாராசிட்டமால் போயிருக்கான்னு டியூட்டி சிஸ்டர்கிட்ட கேளுங்க. கோபப்பட்டா பரவாயில்ல, கேளுங்க. ஷிஃப்ட் மாறும்போது இந்த நேரம்தான் அடிக்கடி விட்டுப்போகும். காலையில ஒன்பதுக்குப் போட்ட ஊசி சாயங்காலம் அஞ்சுல இருந்து ஒன்பதுக்குள்ள தேயும். நாங்க டியூட்டி மாத்துற நேரமும் அதேதான்.

வாந்திக்கு பயம் இருக்குன்னா அதை முன்கூட்டியே மயக்க மருந்து டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. பொம்பளைங்க, சிகரெட் பழக்கம் இல்லாதவங்க, முன்னாடி வாந்தி எடுத்தவங்க, ஆபரேஷனுக்கு அப்புறம் மார்ஃபின் வகை தேவைப்படுறவங்க, இந்த நாலுல எத்தனை பொருந்துதோ அவ்வளவுக்கு வாந்தி வாய்ப்பு கூடும். உங்க அம்மாவுக்கு நாலும் இருக்கும்போல. ஒண்ணுக்கு ரெண்டு வாந்தித் தடுப்பு மருந்து முதல்லயே கொடுப்பாங்க.

---

சந்தேகப்பிராணி எழுதியது:

அனுபவக் கதை நல்லா இருக்கு. ஆனா ஆதாரம்? இஎஸ்பி 2016ல ஃபொரேரோ என்பவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட கட்டுரையில்தான் முதல்ல வருது. அதுவும் நெஞ்சுப் பகுதி நரம்பு வலிக்கு, டி5ங்கிற அஞ்சாவது நெஞ்சு முதுகெலும்பு மட்டத்துல போட்டது. அங்கேயிருந்து பிரசவம், இதயம், சிறுநீரகம், முதுகுன்னு எல்லாத்துக்கும் தாவிடுச்சு. கையில சுத்தியல் இருந்தா கண்ணுல படுறதெல்லாம் ஆணிதான்.

வலி நிர்வாகத்துக்குன்னே ஆபரேஷன் வாரியா பரிந்துரை எழுதுற புராஸ்பெக்ட் குழு 2021ல பெரிய முதுகெலும்பு ஆபரேஷனுக்கு வெளியிட்ட பட்டியலைப் பாருங்க. பாராசிட்டமால், வீக்கம் குறைக்கிற மாத்திரை, கெட்டமைன், எபிடியூரல். இஎஸ்பி அந்தப் பட்டியல்ல இல்ல. நரம்பை அழுத்துற எலும்புத் தகட்டை மட்டும் எடுக்கிற சின்ன ஆபரேஷனான லாமினெக்டமிக்கு என்ன சொல்றாங்க? சர்ஜனே தையல் போடுறதுக்கு முன்னாடி காயத்துல மருந்தைச் செலுத்தினா போதும்னு. அதுக்கு அல்ட்ராசவுண்டும் வேண்டாம், தனி ஆளும் வேண்டாம்.

---

ஊசிமுனை எழுதியது:

சந்தேகப்பிராணி சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பரிந்துரை எழுதப்பட்டபோது முதுகெலும்பு அறுவைக்கு இஎஸ்பி ஆய்வுகள் கொஞ்சம்தான். பிறகு நிறைய வந்தன. அவற்றைத் தொகுத்துப் பார்த்தால் முதல் 24 மணி நேரத்தில் மார்ஃபின் வகைத் தேவை குறைகிறது, வலி எண்ணும் குறைகிறது. ஆனால் பெரும்பாலானவை சிறிய ஆய்வுகள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மட்டத்தில், ஒவ்வொரு அளவில் போட்டிருக்கிறார்கள். பல ஆய்வுகளில் ஒப்பிட்டது 'எதுவுமே போடாத' ஆட்களோடு. எதுவுமே போடாததைவிட ஏதோ ஒன்று நல்லது என்பதற்கு ஆய்வு தேவையில்லை. நல்ல பாராசிட்டமால், நல்ல காய ஊசி, இவற்றோடு போட்டியிட்டு எவ்வளவு ஜெயிக்கிறது என்பதுதான் கேள்வி. அங்கே வித்தியாசம் சுருங்கிவிடுகிறது.

இன்னொரு பாதியில் உங்களோடு மோதுகிறேன். எபிடியூரல் பட்டியலில் இருக்கிறது, சரி. ஆனால் முதுகைத் திறந்து மூடிய அன்று எபிடியூரல் ஓடிக்கொண்டிருந்தால், கால் அசையாததற்குக் காரணம் மருந்தா, உள்ளே ரத்தம் கட்டி நரம்பை அழுத்துகிறதா என்று எப்படிப் பிரித்துச் சொல்வது? நான் வேலை செய்த இடங்களில் சர்ஜன்கள் எபிடியூரல் என்றாலே முகம் சுளிப்பார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

ஒரே ஒரு டிஸ்க்குக்குச் சின்ன வெட்டு என்றால் நான் பிளாக் போடுவதில்லை, காய ஊசியே போதும். இரண்டு மட்டத்துக்கு மேல் ஸ்க்ரூ, வயதானவர், மார்ஃபின் ஒத்துக்கொள்ளாதவர் என்றால் போடுவேன். மூத்தமகனின் அம்மாவுக்கு ஒரு மட்டம்தான், ஆனால் மார்ஃபின் கதை இருக்கிறது. நானாக இருந்தால் போட்டிருப்பேன்.

---

ரெண்டாம்_வருஷம் எழுதியது:

முதுகெலும்பு அறுவைப் பயிற்சியில் இருக்கிறேன். ஊசிமுனை சாரின் எபிடியூரல் பத்திக்கு ஒரு ஒட்டு. மயக்கம் தெளிந்ததும் நாங்கள் முதலில் சொல்வது "கால் பெருவிரலை மேலே தூக்குங்க". வலி எவ்வளவு என்று கேட்பது அதற்குப் பிறகுதான். பெருவிரல் தூக்குவது எல்5 நரம்பின் வேலை. அது நடந்தால்தான் எங்களுக்கு மூச்சு வரும். அந்தச் சோதனையைக் கெடுக்காத எந்த வலி மருந்தும் எங்களுக்குச் சம்மதம்.

ஒரு எச்சரிக்கை. நேரம் ஆக ஆக மாத்திரைக்கு அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலி, காலில் புதிதாக பலம் குறைவது, சிறுநீர் வராமல் அடைப்பது, தொடை இடுக்கு, ஆசனவாய்ப் பகுதி மரத்துப்போவது. இவற்றில் எது வந்தாலும் 'பிளாக் தேய்கிறது போல' என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது. உடனே கூப்பிடுங்கள். ராத்திரி மூன்று மணி என்றாலும்.

---

மாத்திரைக்கணக்கு எழுதியது:

மருந்தாளுநர் என்ற முறையில் ஒரு கணக்கு மட்டும் போட்டுக் காட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

0.25% புபிவகைன் என்றால் ஒரு மி.லி.யில் 2.5 மி.கி. பக்கத்துக்கு 20 மி.லி. என்று இரண்டு பக்கமும் போட்டால் 40 மி.லி., அதாவது 100 மி.கி. கிலோவுக்கு 2 மி.கி. என்ற வழக்கமான வரம்பை எடுத்துக்கொண்டால் 50 கிலோ அம்மாவுக்கு அதோடு சரி. இப்போது சர்ஜன் தன் பங்குக்கு, பழக்கதோஷத்தில், தையல் போடும் முன் காயத்தில் இன்னொரு 20 மி.லி. செலுத்தினால்? 150 மி.கி. வரம்பைத் தாண்டியாயிற்று. யாரும் தப்பாகச் செய்யவில்லை, இரண்டு பேரும் தனித்தனியாகச் சரியாகத்தான் செய்தார்கள். எடை குறைவானவர்களுக்கு மருந்தை நீர்த்துப் போடுவதும், சர்ஜனும் மயக்க டாக்டரும் மி.லி. கணக்கை வாய்விட்டுப் பேசிக்கொள்வதும் இதற்காகத்தான்.

அளவு மீறி ரத்தத்தில் ஏறினால் விழித்திருப்பவருக்கு உதட்டைச் சுற்றிச் சுருசுரு, வாயில் உலோகச் சுவை, காதில் ரீங்காரம், பிறகு வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு. முழு மயக்கத்தில் இருப்பவருக்கு முன்னெச்சரிக்கை எதுவும் தெரியாது, நேரே இதயத்தில்தான் தெரியும். மாற்று மருந்து 20% கொழுப்புக் குழம்பு, கிலோவுக்கு 1.5 மி.லி. முதல் டோஸ். பிளாக் போடும் தியேட்டரில் அது எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அபூர்வமான விஷயம்தான், பயப்படுத்த எழுதவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு இன்னொரு பொறி உண்டு. டிரமடால் என்ற மார்ஃபின் வகை மருந்தும் பாராசிட்டமாலும் ஒன்றாகக் கலந்த மாத்திரை ஒரு அட்டை, தனிப் பாராசிட்டமால் ஒரு அட்டை. இரண்டையும் விழுங்கினால் பாராசிட்டமால் இரட்டிப்பாகும். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 4 கிராம்தான் உச்சவரம்பு. 50 கிலோ ஆளுக்கு அதைவிடக் குறைவாகவே எழுதுவார்கள். பெயரைப் பார்க்காதீர்கள், அட்டைக்குப் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும் உள்ளடக்கத்தைப் பாருங்கள்.

நரம்பு வலிக்கான பிரிகாபாலின் மாத்திரையை ராத்திரி கொடுத்தால் வயதானவர்களுக்குத் தலைசுற்றல், அரைத்தூக்கம். மார்ஃபின் வகையோடு சேரும்போது மூச்சு மந்தமாகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019 டிசம்பரில் எச்சரித்தது. முதல் தடவை பாத்ரூம் போகும்போது கூட ஆள் வேண்டும்.

---

தொடர்கதை எழுதியது:

இடையில புகுந்ததுக்கு மன்னிக்கணும். அப்பாவுக்கு சர்க்கரை, ரத்தம் நீர்க்கிற மாத்திரையும் சாப்பிடுறார். அவருக்கும் இதே மாதிரி ஆபரேஷன் சொல்லியிருக்காங்க. இந்த ஊசி போடலாமா? அப்புறம், வீக்கம் குறைக்கிற மாத்திரை கொடுத்தா எலும்பு சேராதுன்னு பக்கத்து வீட்டுக்காரர் சொல்றார், உண்மையா?

---

ஊசிமுனை எழுதியது:

ரத்தம் நீர்க்கும் மாத்திரையை அறுவைக்காகவே முன்கூட்டி நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தும் தேதி மாத்திரைக்கு மாத்திரை மாறும், அவர்கள் சொன்ன தேதிதான் கணக்கு. இஎஸ்பி மேலோட்டமான இடம், ரத்தம் கசிந்தாலும் அழுத்திப் பிடிக்கலாம். எபிடியூரலுக்குக் காட்டுகிற அளவு கறார் இதற்கு இல்லை.

சர்க்கரை விஷயத்தில் ஒன்று. பிளாக் நீடிக்கவும் வாந்தி வராமலிருக்கவும் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பதுண்டு. அது சர்க்கரையை ஒரு நாள் போல ஏற்றிவிடும். கொடுக்கவே கூடாது என்றில்லை, அன்று ரத்தச் சர்க்கரையை அடிக்கடி பார்ப்பார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் முழுக்கத் தப்பில்லை. கெட்டோரோலாக் மாதிரி வீக்கம் குறைக்கும் மருந்தை அதிக அளவில் கொடுத்தவர்களுக்கு எலும்பு சேர்வது தடைப்பட்டதாகப் பழைய ஆய்வுகள் உண்டு. குறைந்த அளவில் சில நாள் மட்டும் கொடுப்பதில் அந்தச் சிக்கல் தெளிவாகத் தெரியவில்லை. அதனால்தான் சர்ஜனுக்கு சர்ஜன் பழக்கம் மாறுகிறது. சிறுநீரகம் சுமார் என்றால் கேள்வியே இல்லை, வேண்டாம். எலும்பு சேர்வதைப் பற்றி உண்மையிலேயே கவலை என்றால் அப்பா சிகரெட் பிடிக்கிறாரா என்பதை முதலில் பாருங்கள்.

---

நடைவண்டி எழுதியது:

பிசியோ. பெரும்பாலும் மறுநாள் காலையே எழுப்பி உட்காரவைப்போம். வலி மருந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது நடக்கவைத்தால் சுலபம், ஆனால் அதிலும் ஒரு வம்பு இருக்கிறது. வலி தெரியாததால் துணிச்சலாக முறுக்கி எழுவார்கள். அப்படிக் கூடாது. முழங்கால் இரண்டையும் மடக்கி, தோளும் இடுப்பும் ஒரே மரக்கட்டை மாதிரி சேர்ந்தே பக்கவாட்டில் புரள வேண்டும். பிறகு காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டே கையை ஊன்றி எழ வேண்டும். கால் இறங்கும் எடையே உடம்பைத் தூக்கிக் கொடுக்கும். அம்மாவை ஆபரேஷனுக்கு முன்பே வீட்டில் நாலு தடவை பழகச் சொல்லுங்கள். வலி வந்த பிறகு கற்றுக்கொடுத்தால் மண்டையில் ஏறாது.

---

மூத்தமகன் எழுதியது:

ஆபரேஷன் முடிஞ்சு நாலாவது நாள். எழுத இப்பதான் நேரம் கிடைச்சுது.

முந்தின நாளே டாக்டரைப் பார்த்து ரெண்டு விஷயம் கேட்டேன்: ஊசி போட்ட நேரத்தைச் சொல்லணும், பழைய வாந்தியைக் கணக்குல எடுக்கணும். சிரிச்சுட்டு, "யார் சொல்லிக்கொடுத்தா?"ன்னாங்க. உங்க எல்லாரையும் காட்டிக்கொடுக்கல.

காலையில 9:20க்கு பிளாக். அம்மா கண்ணு முழிச்சதும் பெருவிரலைத் தூக்கினாங்க, ரெண்டு காலும். வலி மூணு. சாயங்காலம் ஆறு மணி மாத்திரைக்கு, நம்ம எல்5 அண்ணா சொன்ன அதே வசனம்: "எனக்குத்தான் வலியே இல்லையேடா." கையில வச்சு முழுங்க வச்சேன். ராத்திரி பத்தரைக்கு வலி ஏற ஆரம்பிச்சுது, அஞ்சு, ஆறு வரைக்கும் போச்சு. ஒன்பதுக்குப் போகல. ஒரே ஒரு தடவை சின்ன அளவுல மார்ஃபின், வாந்தி இல்ல. குமட்டல் மட்டும் கொஞ்சம்.

வலியில்லாத ராத்திரின்னு சொல்ல மாட்டேன். அம்மா தூங்கினது துண்டு துண்டா மூணு மணி நேரம் இருக்கும்.

ஆனா ஒண்ணு. மறுநாள் காலையில இருந்து வலது தொடையோட வெளிப்பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு மரத்துக் கிடக்குதாம். தொட்டா 'துணி மேல தொடுற மாதிரி இருக்கு'ங்கிறாங்க. ஊசி மருந்து முன்பக்கம் போயிடுச்சோன்னு எனக்கு ஈரக்குலை நடுங்கிடுச்சு. நாலு நாள் ஆகியும் போகல.

---

ரெண்டாம்_வருஷம் எழுதியது:

நாலு நாள் வரை எந்த மரக்கவைக்கும் மருந்தும் நிற்காது. முதலில் சொல்லுங்கள்: கால் பலம் சரியா? சிறுநீர் போகிறதா? ரவுண்ட்ஸில் காட்டினீர்களா?

---

மூத்தமகன் எழுதியது:

பலம் சரி, சிறுநீரும் சரி. காட்டினேன். சர்ஜன் ஊசியால லேசா குத்திக் குத்திப் பார்த்து, மரத்த இடத்தைச் சுத்திப் பேனாவால கோடு போட்டார். மூணு மணி நேரம் கவிழ்ந்து படுத்திருந்தப்போ இடுப்பெலும்பு முன்பக்கம் திண்டுல அழுத்தி, தொடைத் தோலுக்குப் போற ஒரு நரம்பு நசுங்கியிருக்காம். பேரு ஏதோ மெரால்ஜியா. தோல் உணர்ச்சிக்கு மட்டுமான நரம்பு, நடைக்குச் சம்பந்தமில்ல, வாரக்கணக்குல தானா சரியாகும்னார். பிளாக்குக்கும் இதுக்கும் தொடர்பே இல்லையாம்.

---

இரவுப்பணி எழுதியது:

கவுந்து படுத்து வர்றவங்ககிட்ட அடிக்கடி பார்க்கிறதுதான் அண்ணா. தாடை, மார்பு, இடுப்பெலும்பு எல்லாம் சிவந்து வருவாங்க. முதுகுத் தாங்கலுக்கு மாட்டுற பெல்ட்டை இறுக்கமா கட்டினா அந்த இடம் இன்னும் அழுந்தும், பிசியோகிட்ட காட்டி ஒரு விரல்கடை மேல ஏத்திக் கட்டச் சொல்லுங்க. பேனாக் கோட்டை அழிச்சுடாதீங்க, சுருங்குதான்னு பார்க்க அதுதான் அளவு.

---

சந்தேகப்பிராணி எழுதியது:

வலி ஒன்பதுக்குப் போகாம ஆறோட நின்னுச்சுன்னு ஒத்துக்கிறேன். ஆனா அதுல ஊசிக்கு எவ்வளவு பங்கு, ஆறு மணி மாத்திரைக்கு எவ்வளவு பங்குன்னு யாராவது பிரிச்சுச் சொல்லுங்க பார்ப்போம்.

---

ஊசிமுனை எழுதியது:

ஒரே ஆளை வைத்துக்கொண்டு பிரிக்க முடியாது. அம்மா எப்படி நடக்கிறார்?

---

மூத்தமகன் எழுதியது:

இன்னைக்கு வாக்கர் பிடிச்சு வராந்தா கடைசி வரைக்கும் போயிட்டு வந்தாங்க. நடைவண்டி சொன்ன மரக்கட்டைப் புரளலை இப்ப பக்கத்துக் கட்டில் அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்துட்டிருக்காங்க. பேனாக் கோடு உள்பக்கமா ஒரு விரல் சுருங்கியிருக்கு.